மொட்டைமாடியில் ஒரு வானிலை நிலையம்: 6,850 ரூபாய்க்குப் பெறுமதியா?

மகள் தரம் 7. அவளுடைய பிறந்தநாளுக்கு பெப்ரவரியில் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் பிள்ளைகளுக்கான இந்த வானிலைப் பெட்டியை வாங்கினேன். வெப்பமானி, காற்றின் அமுக்கத்தை அளக்கும் பாரமானி, மழைமானி, காற்றுத்திசைகாட்டி, காற்றின் வேகம் அளக்கச் சுற்றும் கிண்ணங்கள், பரிசோதனைக் கையேடு எல்லாம் சேர்த்து 6,850 ரூபாய். நான்கு மாதம் பாவித்த பிறகுதான் எழுதுகிறேன், ஏனென்றால் முதல் வாரத்தில் எழுதியிருந்தால் நல்லாய்த் திட்டியிருப்பேன்.

பெட்டியைச் செய்தவர்களுக்கு நம் நாட்டு வானிலை தெரியாது, அதுதான் பெரிய பிரச்சினை. கையேட்டில் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நாலு படம். பனிமனிதன் வேறு. "எங்களுக்கு இதில எது அம்மா?" என்று மகள் கேட்டாள். ஒன்றும் இல்லை. நமக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி, நடுவில் இரண்டு இடைப்பருவங்கள். 'செயற்கைப் பனி' என்று ஒரு பொட்டலமும் இருந்தது, தண்ணீர் ஊற்றினால் பொங்குகிறது. பம்பர்ஸுக்குள் இருக்கும் அதே தூள்தான்.

வெப்பமானி மோசமில்லை. முதல் நாள் பால்கனிக் கம்பியில் கட்டினோம், மத்தியானம் 41 பாகை காட்டியது. வீடே கலவரம். வெயில் நேரே பட்டால் வெப்பமானி தன்னுடைய சூட்டைத்தான் காட்டும், காற்றினுடையதை அல்ல, இந்த முக்கியமான விஷயம் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. இதற்காகத்தான் வானிலை நிலையங்களில் சாய்ந்த பலகைகள் வைத்த வெள்ளைப் பெட்டி இருக்கும், காற்று உள்ளே போய்வரும், வெயில் போகாது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தில் கலங்கரைவிளக்கம் கட்டிய தோமஸ் ஸ்டீவன்சன் என்ற பொறியியலாளர் வடிவமைத்தது, இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். நாங்கள் பழைய பழப்பெட்டி ஒன்றுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து மொட்டைமாடியில் நிழல் பக்கமாக வைத்தோம். 31க்கு இறங்கியது.

பாரமானிதான் எங்களை அதிகம் ஏமாற்றியது, பிறகு அதிகம் கற்றுத்தந்ததும் அதுதான். முகப்பில் 'புயல்', 'மழை', 'மாற்றம்', 'நல்ல வானிலை' என்று எழுதியிருக்கிறது. ஏப்ரலில் ஒரு நாள் பின்னேரம் இடி இடித்து காலி வீதியே வெள்ளமாக நிற்கிறது, முள் 'மாற்றம்' என்ற இடத்தில் சும்மா நிற்கிறது. பழுதான சாமான் என்று கடைக்குக் கொண்டு போனேன். "அக்கா, இது பிள்ளைகள் விளையாடுற சாமான், கெரண்டி இல்லை" என்றார் கடைக்காரர். சரி என்று திரும்பி வந்துவிட்டேன். உண்மையில் பழுது அதில் இல்லை. அந்தச் சொற்கள் ஐரோப்பா மாதிரி குளிர்நாடுகளுக்குப் பொருந்துபவை, அங்கே அமுக்கம் நாளுக்கு நாள் பெரிதாக ஏறி இறங்கும். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு, புயல் கிட்ட வந்தால் தவிர, அது 1010 ஹெக்டோபாஸ்கல் (அமுக்கத்தை அளக்கும் அலகு) பக்கத்திலேயே ஊசலாடிக்கொண்டிருக்கும். பின்னேர இடிமழைக்குக் காரணம் சூடான தரையும் கடற்காற்றும் ஈரமான காற்றை மேலே தள்ளுவது, அதைப் பாரமானி முன்கூட்டிச் சொல்லாது.

ஆனால் மகள் ஒரு லீவு நாள் முழுக்க மணிக்கொருதரம் குறித்தாள். காலை 10 மணி போல ஏறுகிறது, பின்னேரம் 4 மணி போல இறங்குகிறது, இரவு 10 மணிக்கு மறுபடி ஏறுகிறது. கடலில் வற்று பெருக்கு மாதிரி காற்றுக்கும் ஒன்று இருக்கிறது. ஆனால் இதற்கு முக்கிய காரணம் சந்திரன் இல்லை, சூரியன் வளிமண்டலத்தைச் சூடாக்குவது. வித்தியாசம் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல்தான், ஆனாலும் வெப்பவலய நாடுகளில் தெளிவாகத் தெரியும். இலண்டனில் இருக்கும் என் தங்கச்சியின் பிள்ளைக்கு இதைக் காண்பது கஷ்டம், அங்கே பெரிய ஏற்ற இறக்கங்களுக்குள் இது மறைந்துவிடும். பெட்டியில் எனக்குப் பிடித்த சாமான் இப்போது இந்தப் பாரமானிதான்.

சுற்றும் கிண்ணங்களில் ஒன்று இரண்டாம் கிழமையே உடைந்தது, அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. திசைகாட்டி பால்கனியில் பயனில்லை, பக்கத்துக் கட்டிடங்களில் காற்று மோதித் திரும்பி எந்தப் பக்கமும் காட்டும். மாடிக்குக் கொண்டு போனபின் ஜூனில் தென்மேற்கை நோக்கி ஆணி அடித்த மாதிரி நின்றது. மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுதானே மோளே எங்கட ஊருக்கு வந்தா கச்சான்" என்றார். அதே காற்றுத்தான். இங்கே மழை கொண்டுவருகிறது, மலையின் மேற்குச் சரிவில் ஈரத்தைக் கொட்டிவிட்டு மறுபக்கம் இறங்கும்போது 100 மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம் சூடாகி, கிழக்குக்கு வறண்ட அனல்காற்றாகப் போகிறது. கையேட்டின் 40 பக்கத்தில் இல்லாத பாடம்.

இனி மழைமானி. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர் தண்ணீர், பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லிவிடுங்கள், பத்திரிகையில் வரும் இலக்கங்கள் உடனே உயிர்பெறும். பெட்டியில் வந்த குழாயில் 40 மில்லிமீற்றர் வரைதான் கோடு. கொழும்புக்கு 40! 1992 ஜூனில் இந்த நகரத்தில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் பெய்திருக்கிறது. முதல் பெரிய மழையிலேயே வழிந்துவிட்டது. இப்போது நேரான பக்கங்கள் உள்ள சோடாப் போத்தலின் தலையை வெட்டி, கவிழ்த்துப் புனலாகச் செருகி, அடியில் உள்ள மேடுபள்ளம் மூடிச் சமமாகும் வரை தண்ணீர் ஊற்றி அங்கிருந்து அடிமட்டம் ஒட்டியிருக்கிறோம். செலவு இல்லை. தினமும் காலை 8.30க்குப் பார்க்கிறாள், வளிமண்டலவியல் திணைக்களமும் 24 மணித்தியால மழையை அந்த நேரத்துக்குத்தான் கணக்கிடுகிறது. இலக்கம் ஒத்துவராத நாட்களில் மனம் தளர விடாதீர்கள், வெள்ளவத்தையில் கொட்டும்போது தெமட்டகொடையில் தூறல்கூட இருக்காது.

காலநிலைக்குக் கையேட்டில் ஒரே பக்கம், பனிக்கரடியோடு. ஒரு நாள் மழை வானிலை, 30 வருடத்துச் சராசரி காலநிலை என்ற வித்தியாசத்தைக்கூடச் சொல்லவில்லை. காற்று ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவி தாங்கும், அதனால் கனமழை இன்னும் கனக்கும் என்று எழுதியிருந்தால் இங்கே எந்தப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும்.

வாங்கலாமா? 3,000 ரூபாய்க்குக் கிடைத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் வெப்பமானியும் பாரமானியும் தனியே வாங்கி, மழைமானியை நீங்களே செய்யுங்கள். எங்கள் போத்தலைக் கட்டிட வாட்சர் குப்பை என்று நினைத்து இரண்டு தடவை எறிந்துவிட்டார். இப்போது 'மழை அளக்கிறோம், தொடவேண்டாம்' என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறாள். நேற்று அவரே மேலே வந்து, இன்றைக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போனார்.