டிராக் சாவா, கையால் செய்த கைடா?

முழு பிளைவுட் ஷீட்டை நீளவாக்கில் நூல் பிடித்தாற்போல் அறுக்க டிராக் சா (தண்டவாளம் போன்ற பட்டையின்மேல் ஓடும் மின்ரம்பம்) வாங்கியே தீர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்கோடு மட்டும்தான் வேண்டுமென்றால் அது தேவையே இல்லை. சாதாரண சர்குலர் சாவும் (வட்ட பிளேடு உள்ள கை மின்ரம்பம்), அதை நேராக ஓட்ட ஒரு நல்ல கைடும் போதும். டிராக் சா உண்மையில் ஜெயிப்பது தூசி விஷயத்தில்தான்.

சர்குலர் சாவோடு பெட்டியிலேயே வரும் பக்கக் கைடை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஷீட்டின் ஓரத்திலிருந்து ஒல்லியான பட்டை எடுக்க அது உதவும். அகலம் கூடக்கூட அந்தக் கம்பி ஆடும், கோடும் கூடவே ஆடும்.

அடுத்தது, நேரான அலுமினியப் பட்டையை கிளாம்ப் போட்டு, அதை ஒட்டி சாவைத் தள்ளுவது. செலவு குறைவுதான். ஆனால் சாவின் அடித்தட்டின் விளிம்பிலிருந்து பிளேடு வரை உள்ள தூரத்தை ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும். இடப்பக்கம் ஒரு அளவு, வலப்பக்கம் வேறு அளவு. பிளேடின் வெட்டு அகலத்தைக் கோட்டின் எந்தப் பக்கம் விடுவது என்ற குழப்பம் வேறு.

இந்தக் கணக்கை ஒழிக்கத்தான் கையால் செய்யும் கைடு. 6 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றை அடியில் வைத்து, அதன்மேல் நேரான ரீப்பர் ஒன்றை ஒட்டி ஸ்குரூ போடுங்கள். அடிப்பட்டையைத் தேவைக்கு மேல் அகலமாகவே விட்டுவிட்டு, ரீப்பரை ஒட்டி சாவை ஒரு தடவை ஓட்டினால் மிச்சம் அறுந்து விழும். மீதி நிற்கும் விளிம்புதான் இனி உங்கள் வெட்டுக்கோடு. அந்த விளிம்பை பென்சில் கோட்டில் வைத்து அறுக்க வேண்டியதுதான். இன்னொரு லாபமும் உண்டு. சர்குலர் சாவின் பற்கள் கீழிருந்து மேலே ஏறுவதால் மேல்முகத்தில்தான் சில்லு பெயரும். கைடின் விளிம்பு அங்கே அழுத்திப் பிடிப்பதால் வைத்துக்கொள்ளும் பக்கம் சுத்தமாக வரும். டிராக் சாவின் தண்டவாளத்தில் உள்ள ரப்பர் விளிம்பு செய்வதும் இதே வேலைதான்.

குறைகளும் உண்டு. வெட்டு ஆழத்தில் 6 மி.மீ. போய்விடும். ரீப்பர் உயரமாக இருந்தால் மோட்டார் இடிக்கும். வேறு தடிமன் பிளேடு மாட்டினால் விளிம்பு பொய் சொல்லும். சா ரீப்பரை விட்டு விலகாமல் கைதான் அழுத்திப் பிடிக்க வேண்டும். டிராக் சாவில் தண்டவாளத்தின் மேடு அடித்தட்டின் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்வதால் அந்தக் கவலை இல்லை. ஷீட்டின் நடுவில் பிளேடை இறக்கித் தொடங்குவதும் அதில் எளிது.

சரி, தூசிக்கு வருவோம். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூள் கீழே விழுந்துவிடும், பெருக்கி எடுத்துவிடலாம். காற்றில் மிதக்கும் நுண்தூசிதான் நுரையீரலுக்குப் போகும். சாதாரண சாவில் பிளேடு பாதி திறந்தே இருப்பதால், நல்ல வாக்யூமை மாட்டினாலும் தூள் முன்பக்கமும் அடியிலும் சிதறும். ஷீட்டுக்கு அடியில் கெட்டியான ஃபோம் பலகை வைத்து அறுத்தால் கீழ்வழி அடைபட்டு, ஓரளவு தூள் மேலே, சாவில் வாக்யூம் மாட்டும் வாய்க்குப் போகும். சும்மா துணிப்பை மாட்டுவது மனசமாதானத்துக்கு மட்டும்.

டிராக் சாவில் பிளேடு முழுக்க உறைக்குள் இருக்கிறது. வாக்யூமோடு ஷீட்டின் நடுவே அறுத்தால் தரை கிட்டத்தட்ட சுத்தமாகவே இருக்கும். ஓரத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் சீவி எடுக்கும்போது ஒரு பக்கம் திறந்துவிடும், அப்போது இதுவும் தூள் கக்கத்தான் செய்யும்.

வாக்யூமிலும் வித்தியாசம் உண்டு. எல் வகுப்பு வடிகட்டி 1 சதவீதம் வரை தூசியை வெளியே விடலாம், எம் வகுப்பு 0.1 சதவீதம்தான். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அடிக்கடி அறுப்பவர் எம் வகுப்புக்குப் போவதே நல்லது. வடிகட்டி இல்லாத பழைய வாக்யூம், பெரிய தூளை உறிஞ்சி நுண்தூசியை அறை முழுக்கத் தெளிக்கும். அதற்கு வாக்யூமே இல்லாமல் வெளியில் அறுப்பது மேல்.

ஆக, திறந்த வெளியில் வேலை செய்பவருக்கு என் ஓட்டு கையால் செய்த கைடுக்குத்தான், முகத்தில் என்95 மாஸ்க்கோடு. ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் அறுப்பவர் யோசிக்காமல் டிராக் சாவும் வாக்யூமும் வாங்கலாம். மாஸ்க் அங்கேயும் வேண்டும். அப்புறம், ஹோஸையும் வயரையும் தோள்மேல் போட்டுக்கொள்ளுங்கள். தண்டவாளத்தின் முனையில் ஹோஸ் சிக்கிக்கொண்டால், எவ்வளவு விலை உயர்ந்த சாவாக இருந்தாலும் பாதி வெட்டில் நின்றுவிடும்.