ஒரே குண்டு, இரண்டே பயிற்சி: கெட்டில்பெல்லோடு பத்தொன்பது மாதம்

கெட்டில்பெல், அதாவது மேலே கைப்பிடி வைத்த குண்டு, வாங்கியபோது எனக்கு 39 வயது. எல்லீஸ் நகரில் மாடி வீடு. கணக்கு எழுதும் வேலை, நாளெல்லாம் நாற்காலி. ஜிம்முக்கு இரண்டு முறை பணம் கட்டியும் ஒரு மாதத்தைத் தாண்டியதில்லை. சாயங்காலம் காளவாசல் நெரிசலைக் கடந்து வீடு வந்து சேர்ந்தால் மறுபடி செருப்பு மாட்ட மனசு வராது. அதனால் வீட்டிலேயே செய்கிற மாதிரி ஒன்றைத் தேடினேன்.

முதலில் வாங்கியது சரியில்லை. மேலே பிளாஸ்டிக் உறை, உள்ளே சிமென்ட், 10 கிலோ. கைப்பிடி குறுகல் என்பதால் இரண்டு கையும் சேர்த்துப் பிடித்தால் சுண்டுவிரல் வெளியே நிற்கும். அடுத்த மாதமே வார்ப்பிரும்பில் 8 கிலோ வாங்கினேன். பெண்கள் 8 கிலோவிலும் ஆண்கள் 16 கிலோவிலும் தொடங்குவது வழக்கம். ரஷ்யாவில் தானியம் நிறுக்க வைத்திருந்த எடைக்கல்தான் இதன் பூர்வீகம். அங்கே 'பூட்' என்ற பழைய அளவு கிட்டத்தட்ட 16 கிலோ 380 கிராம். 16, 24, 32 என்று எடைகள் வருவதற்கு அதுதான் காரணம்.

அப்புறம் எந்தத் திட்டம் என்று குழம்பினேன். ஸ்விங் என்றால் குண்டைக் கால்களுக்கு நடுவிலிருந்து முன்னால் வீசி எழுப்புவது. நாளுக்கு 500 ஸ்விங், 20 நாளில் 10,000 என்று ஒன்று உண்டு. ஆறாவது நாள் உள்ளங்கைக் காய்ப்பு பிய்ந்து ரத்தம் வந்துவிட்டது. நல்ல திட்டம்தான், ஆனால் ஸ்விங் ஏற்கெனவே பழகியவர்களுக்கு. பிறகு தினம் ஒரு புதுப் பயிற்சி சொல்லும் போன் ஆப் ஒன்று. எதையும் உருப்படியாகக் கற்றுக்கொள்ளும் முன்பே அடுத்தது வந்து நிற்கும்.

கடைசியில் பிடித்துக்கொண்டது மிக எளிமையானது. பத்துப் பத்தாக 100 ஸ்விங், பக்கத்துக்கு ஐந்தாக 10 கெட்-அப் (குண்டைக் கையில் நிறுத்தியபடி படுத்து எழுவது), அவ்வளவுதான். முழுத் திட்டத்தில் ஸ்விங் ஒரு கையால். நான் முதல் நான்கு மாதம் இரண்டு கையால், வாரம் மூன்று நாள், 50 மட்டும் செய்தேன்.

முதல் மாதம் கீழ்முதுகு வலித்தது. குந்தி எழுந்து, கையால் தூக்கிக்கொண்டிருந்தேன். ஸ்விங் என்பது கை வேலையே இல்லை. இரண்டு கையிலும் தண்ணீர்க் குடம் இருக்கும்போது பின்பக்கத்தால் கதவைத் தள்ளித் திறப்போமே, அந்த அசைவுதான். இடுப்பு பின்னால் போகும், முழங்கால் கொஞ்சம்தான் மடியும், முதுகு நேராக இருக்கும். பிறகு இடுப்பு விசையோடு முன்னுக்கு வரும்போது குண்டு தானாக மேலே எழும். சுவருக்கு முதுகு காட்டி ஓரடி தள்ளி நின்று, பின்பக்கம் சுவரைத் தொடும்படி குண்டு இல்லாமல் இரண்டு வாரம் பழகினேன். வலி போனது. இதைப் படித்துவிட்டு யாராவது தொடங்கினால், தயவுசெய்து இந்த இரண்டு வாரத்தை மட்டும் தவிர்க்காதீர்கள்.

கெட்-அப் என்பது மல்லாந்து படுத்து, குண்டைத் தலைக்கு மேல் நீட்டிய கையில் நிறுத்தியபடியே எழுந்து நின்று, அதே வழியில் திரும்பப் படுப்பது. முதலில் மூடிய கைமுட்டி மேல் பாதி தண்ணீருள்ள பிளாஸ்டிக் டம்ளரை வைத்துப் பழகினேன். தண்ணீர் சிந்தினால் அவசரப்பட்டிருக்கிறேன் என்று அர்த்தம். தோள்பட்டை பலப்பட்டது இதில்தான்.

கீழ்வீட்டு அம்மா, "என்னம்மா, காலங்காத்தால மாவு இடிக்கிறியா?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து குண்டை மெதுவாக, பழைய மெத்தை மடிப்பின் மேல்தான் இறக்குகிறேன்.

விட்டுப்போன நாட்களும் உண்டு. சித்திரைத் திருவிழாவுக்கு வீடு முழுக்க உறவுக்காரர்கள். அழகர் மலைக்குத் திரும்பும்வரை பயிற்சி இல்லை. கத்திரி வெயிலில் ஆறு மணிக்கே வியர்வையில் பிடி வழுக்கும். அதனால் மே மாதம் முழுக்க ஐந்தே காலுக்கு மொட்டை மாடியில், ஐந்து ஸ்விங்குக்கு ஒருமுறை கையைத் துடைத்துக்கொண்டு செய்தேன். காய்ச்சலில் மூன்று வாரம் படுத்து எழுந்தபோது 12 கிலோவை வைத்துவிட்டு 8-க்கே இறங்கினேன். பத்து நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன். முன்பெல்லாம் இந்த மாதிரி இடைவெளியில்தான் வேறு திட்டம் தேடப் போய்விடுவேன்.

எடை பெரிதாகக் குறையவில்லை: 71-லிருந்து 68. சாப்பாட்டை நான் மாற்றவில்லை, அதனால் இதற்கு மேல் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் பழக்கம் போயிற்று. 20 லிட்டர் தண்ணீர் கேனை மாடிக்கு நானே தூக்கி வருகிறேன். அப்பாவின் ஊரில் கோயில் திடலில் ஓர் இளவட்டக்கல் கிடக்கிறது. சின்ன வயதில் ஆண்பிள்ளைகள் அதை உருட்டிப் பார்ப்பார்கள், நாங்கள் தள்ளி நிற்போம். பொங்கலுக்குப் போனபோது முதல்முறையாகப் பக்கத்தில் போய்க் குனிந்து அணைத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஆனால் எங்கே பிடிக்க வேண்டும், இடுப்பை எங்கே வைக்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது.

இப்போது ஸ்விங் 16 கிலோவில், கெட்-அப் 12 கிலோவில். கெட்-அப்பில் இடது பக்கம் இன்னும் தடுமாறுகிறது. அதனால் அங்கே எடை கூட்ட அவசரப்படவில்லை.