கல்லுப்பா, பேதியுப்பா, வினிகரா: காலை எதில் ஊறவைப்பது?

குமரி மாவட்டத்துக்கு மழை ஜூனில் ஒரு தரம், அக்டோபரில் ஒரு தரம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கும் நாஞ்சில் நாட்டு வயலில் இறங்குகிறவர்களுக்கும் கால் ஈரம் காய நேரம் கிடைப்பதில்லை. அதனால் கால் வைத்தியம் வீட்டுக்கு ஒன்று.

எங்கள் அம்மா கல்லுப்புக் கட்சி. சருவத்தில் வெதுவெதுப்பான நீர், ஒரு கைப்பிடி உப்பு, கால் மணி நேரம். நாளெல்லாம் நின்ற காலுக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சுகத்தில் பெரும்பங்கு வெந்நீருடையது. பேதியுப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட், கொஞ்சம் விலை கூடியது. மெக்னீசியம் தோல் வழியாக உள்ளே போய் வலியைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. என் காலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வினிகர் வேறு ரகம். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்தால், ஷூ போடுகிறவர்களின் கால் நாற்றம் கொஞ்சம் குறையும். நாற்றத்துக்குக் காரணமான பாக்டீரியாவுக்கு அமிலம் ஆகாது. பிளந்த குதிகாலோடு ஒருநாள் அதில் இறங்கினேன். எரிச்சலில் சருவமே கவிழ்ந்தது.

பித்த வெடிப்புக்கு இந்த மூன்றுமே தேவையில்லை. உப்பு தோலை இன்னும் உலர்த்தும். வெறும் இளஞ்சூட்டு நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, தடித்த தோலை மெதுவாகத் தேய்த்து (துவைகல்லில் வறட்டு வறட்டென்று அல்ல), தோர்த்துத் துண்டால் ஒற்றி, ஈரப்பதம் போகும் முன்பே தேங்காய் எண்ணெய் பூச வேண்டும். ஊறிய நீரை வெளியே விடாமல் பிடித்து வைப்பது எண்ணெய்தான். மேலே ஒரு சாக்ஸ் போட்டுத் தூங்கினால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

சேற்றுப்புண் கதையே வேறு. விரல் இடுக்கில் வளரும் பூஞ்சைக்கு ஈரம்தான் தீனி. ஊறவைப்பது அதற்கு விருந்து வைப்பது மாதிரி. இடுக்கை நன்றாகத் துடைத்து குளோட்ரிமசோல் களிம்பு போடுங்கள். புண் ஆறிய பிறகும் 2 வாரம் தொடர வேண்டும்.

அப்புறம், எங்கள் அப்பா. அவருக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி குறைவு. சூடு தெரியாமல் தோல் வெந்துபோகலாம், ஊறிய தோலில் புண்ணும் எளிதில் விழும். அவருக்கு மட்டும் சருவம் கிடையாது. கழுவித் துடைத்து, டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்ப்பது என் ராத்திரி வேலை. "எனக்கும் கொஞ்சம் சுடுதண்ணி ஊத்தேன் மக்கா" என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.