வாலிநோக்கம் பக்கம் நட்சத்திர இரவு: போஸ்டரை நம்பாதீர்கள், ஆனால் போங்கள்

டெலஸ்கோப்பில் வானம் காட்டுகிற ராத்திரி நிகழ்ச்சி இது. தலைக்கு 600 ரூபாய், ராத்திரிச் சாப்பாடும் அதிலேயே அடக்கம். ஏர்வாடியிலிருந்து சாயல்குடி போகிற வழியில் வாலிநோக்கத்துக்குத் திரும்பி, சீமைக் கருவேலங்காட்டைத் தாண்டினால் கடற்கரை ஓரம் ஒரு சின்ன விடுதி, அவர்கள்தான் நடத்துகிறார்கள். பெயர் போடவில்லை, ஏனென்றால் முதலில் திட்டப்போகிறேன்.

"பிரபஞ்சத்தின் முதல் கேலக்ஸிகளை நேரில் பாருங்கள்" என்று போஸ்டர் அடித்திருக்கிறார்கள் (கேலக்ஸி என்றால் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம்). பச்சைப் பொய். இருப்பது கையால் திருப்புகிற, 8 இன்ச் கண்ணாடி உள்ள சாதாரண டாப்சோனியன் டெலஸ்கோப். வியாழனும் அதன் நாலு நிலாக்களும் அருமை, ஓரியன் நெபுலா என்கிற வாயு மேகம் அதைவிட அருமை, பக்கத்துக் கேலக்ஸியான ஆண்ட்ரோமீடா வடமேற்கில் மங்கலான திட்டாகத் தெரிந்தது, அதுவே 25 லட்சம் ஒளியாண்டு தூரம். போஸ்டரில் இருப்பதோ 1,350 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வருகிற வெளிச்சம்.

டெலஸ்கோப்பை இயக்கிய உள்ளூர்ப் பையன், கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாராம், "அது முதலாளி அடிச்ச போஸ்டர்ணே, இதுல தெரியாது" என்று முதலிலேயே உடைத்துச் சொல்லிவிட்டார். சரி, காசு போச்சு என்று நினைத்தபோதுதான் ஏன் தெரியாது என்று ஆரம்பித்தார் பாருங்கள், நான் கொடுத்த காசு அதற்கே சரியாகிவிட்டது.

தெற்கே கடலுக்கு மேலே, அகத்திய நட்சத்திரத்துக்கு வலப்பக்கம் நல்ல உயரத்தில், கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத ஒரு இருட்டுப் பகுதி. ஃபோர்னாக்ஸ் என்கிற நட்சத்திர மண்டலம். ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்கிற கேலக்ஸி அங்கேதான் இருக்கிறது. பெருவெடிப்பு முடிந்து சுமார் 30 கோடி ஆண்டிலேயே அது ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் புற ஊதா ஒளியாகக் கிளம்பியது, வழியெல்லாம் பிரபஞ்சம் விரிந்ததால் அலைநீளம் 15 மடங்கு இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாக வந்து சேர்கிறது. ஆக, டெலஸ்கோப் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நம் கண்ணுக்கு அது கிடையாது. அதனால்தான் 6.5 மீட்டர் கண்ணாடியோடு ஜேம்ஸ் வெப் என்கிற விண்வெளி டெலஸ்கோப்பை 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிக் குளிரில் நிறுத்தியிருக்கிறார்கள்.

அப்புறம் லேப்டாப்பில் அந்தக் கேலக்ஸி இருக்கிற இடத்தையே ஜேம்ஸ் வெப் வெவ்வேறு ஃபில்டரில் எடுத்த படங்களைக் காட்டினார். 1.5 மைக்ரான் அலைநீளப் படத்தில் வெறும் கறுப்பு (ஒரு மைக்ரான் என்பது 1,000 நானோமீட்டர்). 2 மைக்ரானில் புள்ளி எட்டிப்பார்க்கிறது, அதற்கு மேல் பளிச். 121.6 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை இடையில் இருக்கிற ஹைட்ரஜன் விழுங்கிவிடுகிறது, அந்த வெட்டு விழுந்த இடம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் தூரம் வந்துவிடும். தேடுகிறவர்கள் இப்படி 'காணாமல் போகிற' புள்ளிகளைத்தான் பொறுக்கி எடுக்கிறார்களாம்.

ஆனால் படத்தை மட்டும் நம்பினால் கவிழ்ந்துவிடுவோம் என்றார். 2022-ல் சியர்ஸ்-93316 என்று ஒரு கேலக்ஸியைச் செம்பெயர்ச்சி (ஒளி எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்கிற அளவு, கூடக் கூடத் தூரமும் கூடும்) 16-ஐத் தாண்டியது என்று கொண்டாடினார்கள், அடுத்த வருடம் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலை எடுத்தால் வெறும் 4.9. தூசியும் வாயுவின் பளிச்சென்ற கோடுகளும் சேர்ந்து ஏமாற்றியிருக்கின்றன. எனக்கு இந்தக் கதைதான் ரொம்பப் பிடித்தது. ஜேட்ஸ் கேலக்ஸி நிறமாலையிலும் தேறிவிட்டது. 2025-ல் சிலியில் உள்ள ஆல்மா ரேடியோ டெலஸ்கோப் அதில் ஆக்சிஜனையே பிடித்தது, ஆக்சிஜன் நட்சத்திரங்களுக்குள்தான் உருவாகும், அதாவது அந்த வயதிலேயே அங்கே ஒரு தலைமுறை நட்சத்திரங்கள் பிறந்து செத்திருக்கின்றன! அதே வருடம் மாம்-இசட்14 என்கிற இன்னொரு கேலக்ஸி வந்து, பெருவெடிப்புக்கு அப்புறம் 28 கோடி ஆண்டு என்று சாதனையைத் தட்டிக்கொண்டு போனது.

குறைகள்: ஒரே டெலஸ்கோப் என்பதால் வரிசை நீளம், குழந்தைகள் தூங்கிவிடும். உப்புக்காற்றில், கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸ் வேர்த்துக்கொண்டே இருக்கிறது. ஊளி மீன் வறுவல் நன்றாக இருந்தது, ரசம் சுமார்.

தை, மாசியில் அமாவாசையை ஒட்டிப் போங்கள். ஆடிக் காற்றில் மணல்தான் கண்ணில் விழும், ஃபோர்னாக்ஸும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வானத்தில் இருக்காது. புக் பண்ணும்போதே அந்தப் பையன் வருகிறாரா என்று கேட்டுவிடுங்கள். கொசுவத்தி நீங்களே கொண்டு போவது நல்லது.