பிள்ளைகளின் ஹெல்மெற்: யாழ்ப்பாணக் கடைகளில் கிடைக்கிற மூன்று வகையும் வாங்கவேண்டியதும்

காலை 7 மணிக்கும் 7.30க்கும் இடையில் ஆஸ்பத்திரி வீதியிலோ கண்டி வீதியிலோ கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். ஓட்டுகிற தகப்பனின் தலையில் ஹெல்மெற் இருக்கிறது. பின்னால் இருக்கிற தாயின் தலையிலும் இருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற பிள்ளையின் தலையில் ரிபன் மட்டும்தான். நகரம் பெருத்துவிட்டது, ஒழுங்கைகள் பழைய அகலத்திலேயே கிடக்கின்றன; வானும் டிப்பரும் ஓட்டோவும் அதற்குள்ளால்தான் போகின்றன. பள்ளிக்கூடம், பின்னேர ரியூசன், சங்கீத வகுப்பு என்று ஒரு பிள்ளை நாளுக்கு மூன்று நான்கு தடவை மோட்டார் சைக்கிளில் ஏறி இறங்குகிறது. அந்தப் பிள்ளைக்குக் கடைகளில் என்ன கிடைக்கிறது, எது உண்மையில் தலையைக் காக்கும் என்பதை வகை வகையாகப் பார்ப்போம்.

முதல் வகை, படம் போட்ட அரைத் தொப்பி. கார்ட்டூன் படம், பளபளப்பான நிறம், மிகக் குறைந்த விலை. பிள்ளை கேட்பதும் இதைத்தான், வீட்டுக்கு வருவதும் பெரும்பாலும் இதுதான். இதில் பெரும்பகுதி ஹெல்மெற்றே இல்லை. கடையில் நின்றபடியே சோதிக்கலாம்: உள்ளே பெருவிரலால் நன்றாக அழுத்துங்கள். விரல் அமிழ்ந்து வெளிக்கோதைத் தொட்டால் உள்ளே இருப்பது ஸ்பொஞ் மட்டும். பிறகு, "அண்ணை, உள்துணியை ஒருக்கா விலத்திப் பாக்கலாமோ?" என்று கேளுங்கள். துணிக்குப் பின்னால் நகத்தால் அழுத்தினாலும் இலகுவில் அமிழாத ரெஜிபோம் (தெர்மோகோல் போன்ற இறுகிய நுரை), ஏறத்தாழ ஒரு பெருவிரல் தடிப்பில், நெற்றி, உச்சி, பிடரி எல்லா இடமும் இருக்கவேண்டும். விலத்திப் பார்க்க விடாத கடையில் வாங்கவேண்டிய தேவை இல்லை.

ஏன் ரெஜிபோம்? வெளிக்கோது அடியைப் பரவலாக்குகிறது. உள்ளே இருக்கிற ரெஜிபோம் நசிந்து, தலை நிற்பதற்கு எடுக்கும் நேரத்தைக் கூட்டுகிறது. மண்டைக்குள் மூளை மோதும் வேகம் அதனால்தான் குறைகிறது. ஸ்பொஞ் அப்படி நசிந்து வேகத்தை வாங்காது. ஒரு நொடிக்குள் முழுதாக அமிழ்ந்துவிட, தலை நேரே கோதில் மோதும். ஐரோப்பிய இ.சி.இ. 22 தரத்தின் அடிச்சோதனையில் ஹெல்மெற்றைச் செக்கனுக்கு 7.5 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 27 கிலோமீற்றரில், இரும்புத் தளத்தில் மோதவிடுகிறார்கள். ஒழுங்கை முடக்கில் ஓட்டோவுடன் மோதி விழுகிற வேகம் இதற்குக் கிட்டத்தான் வரும். ஹெல்மெற் போட்ட மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத் தலைக்காய ஆபத்து ஏறத்தாழ 69 வீதமும் இறப்பு ஆபத்து 42 வீதமும் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008இல் வந்த கொக்ரேன் மீளாய்வு சொன்னது. பொம்மைத் தொப்பிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. சைக்கிள் ஹெல்மெற்றும் கிரிக்கெற் ஹெல்மெற்றும் அப்படித்தான்: அவை செய்யப்பட்ட வேலை வேறு.

இரண்டாம் வகை, காதையும் பிடரியையும் மூடி முகத்தைத் திறந்து விடுகிறது. மூன்றாவது, நாடியையும் சேர்த்து மூடுகிற முழு ஹெல்மெற். பாதுகாப்பில் மூன்றாவதுதான் மேல், ஏனென்றால் முகம் குப்புற விழும்போது நாடியும் பல்லும்தான் முதலில் வீதியில் படுகின்றன. ஆனால் சின்னப் பிள்ளைக்குப் பாரம் ஒரு விஷயம். எங்கள் தீர்ப்பு இது: 4 முதல் 7 வயது வரை, ஒரு கிலோவுக்குக் குறைந்த, காது மூடிய இரண்டாம் வகை. 8 வயதுக்கு மேல், பிள்ளையின் கழுத்து தாங்குமானால், பிள்ளைகள் சைஸில் செய்த முழு ஹெல்மெற். பெட்டியில் எழுதிய பாரத்தை அப்படியே நம்பாமல் தராசில் வைத்துப் பாருங்கள்.

4 வயதுக்குக் கீழ்? இ.சி.இ. சோதனைக்குப் பாவிக்கும் தலைவடிவங்களில் ஆகச் சிறியது 50 சென்ரிமீற்றர் சுற்றளவு. அதற்கும் சின்னத் தலைக்குச் சோதித்த ஹெல்மெற் கிடைப்பது அரிது. அந்த வயதுப் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றாமல் பஸ்ஸிலோ ஓட்டோவிலோ கொண்டுபோவதுதான் சரியான பதில்.

முத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம். இலங்கைத் தரத்துக்கு எஸ்.எல்.எஸ். முத்திரை. இந்தியாவில் இருந்து வருவதில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற இலக்கமும் இருக்கவேண்டும். 2021 ஜூன் 1இல் இருந்து அது இல்லாத இருசில்லு வாகன ஹெல்மெற்றை இந்தியாவிலேயே விற்க முடியாது. ஐரோப்பியத் தரம் என்றால் நாடிப்பட்டியில் தைத்த துணித்துண்டைப் பாருங்கள்: வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஒரு நாட்டு இலக்கமும், கீழே 05 அல்லது 06 என்று தொடங்கும் நீண்ட இலக்கம் ஒன்றும் இருக்கும். அந்த இலக்கத்தோடு 'ஜே' என்று இருந்தால் நாடிக்குப் பாதுகாப்பு இல்லை, 'பி' என்றால் உண்டு. 'என்.பி' என்றால் நாடிப்பகுதி முன்னால் இருக்கிறதே தவிர அடியைத் தாங்கும் என்று சோதிக்கப்படவில்லை. பின்பக்கத்தில் ஒட்டிய 'டொட்' ஸ்ரிக்கரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது அமெரிக்க முத்திரை, உற்பத்தியாளர் தானே சொல்லி ஒட்டிக்கொள்வது, அச்சடிப்பதும் சுலபம்.

இனி சைஸ். நல்ல ஹெல்மெற் வாங்கியவர்களும் பிழை விடுவது இதில்தான். "வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிசா எடுங்கோ" என்று கடைக்காரர் அன்பாகத்தான் சொல்வார். சப்பாத்துக்கும் சீருடைக்கும் அது சரி, தலைக்குச் சரிவராது. 5 வயதுக்கும் 10 வயதுக்கும் இடையில் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர்தான் கூடுகிறது. பெரிய சைஸ் வாங்கி உள்ளே துணித்தொப்பி வைத்து நிரப்பினால், விழும்போது ஹெல்மெற் ஒரு பக்கம் திரும்ப, தலை மற்றப் பக்கம் வெறுமையாக நிற்கும்.

அளப்பது இப்படி. தையல் நாடாவை புருவத்துக்கு இரண்டு விரல் மேலே வைத்து, காதுக்கு மேலால் கொண்டுபோய், பிடரியில் ஆகப் பிதுங்கிய இடத்தைச் சுற்றி எடுங்கள். மூன்று தரம் அளந்து ஆகக் கூடிய அளவை எடுங்கள். ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலும் 50க்கும் 54க்கும் இடையில் வரும். பெரியவர்களின் 'ஸ்மோல்' 55இல் தொடங்குவதால் அது பொருந்தாது. 10 வயதுக்கு மேல் சிலருக்குப் பெரியவர்களின் 'எக்ஸ்ரா ஸ்மோல்' சரியாக வரும். போட்டபின் விளிம்பு புருவத்துக்குச் சற்று மேலே நிற்கவேண்டும். ஹெல்மெற்றைப் பிடித்து இடம் வலமாகத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே இழுபட வேண்டும்; ஹெல்மெற் மட்டும் சுற்றினால் பெரிது. அடுத்து பட்டியைப் பூட்டிவிட்டு, பின்னால் நின்று பிடரி விளிம்பை மேலேயும் முன்னாலேயும் தள்ளுங்கள். கழன்று முகத்தில் விழுந்தால் அந்த ஹெல்மெற் விபத்திலும் கழரும். கடைசியாகப் பத்து நிமிடம் போட்டபடி கடைக்குள் நடக்க விடுங்கள். கழற்றும்போது நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் கடுஞ்சிவப்பு இருந்தால் வடிவம் ஒத்துவரவில்லை, வேறு மாதிரியைப் பாருங்கள். கன்னத்துப் பஞ்சு புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருப்பது நல்லது, பாவிக்கப் பாவிக்க அமிழும்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல், கடைகளில் யாரும் இதைச் சொல்வதில்லை. மடித்து ரிபன் கட்டிய இரட்டைப் பின்னல் காதடியில் முடிச்சாக நிற்கிறது. ஹெல்மெற் அதற்கு மேல் ஏறி நின்றுவிடும், இல்லாவிட்டால் காதோடு சேர்த்து நசித்து வலிக்கும். பிள்ளை "வேண்டாம்" என்று அழுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். வழி உண்டு: பின்னலைப் பிடரியில், ஹெல்மெற் விளிம்புக்குக் கீழே தொடங்குங்கள். மடித்துக் கட்டாமல் தொங்கவிட்டு ஹெல்மெற்றைப் போடுங்கள். பள்ளிக்கூட வாசலில் இறங்கியபின் மடித்து ரிபன் கட்ட ஒரு நிமிடம் போதும். உச்சிக் குடுமியும் கொண்டையும் கூடவே கூடாது, இரும்புக் கிளிப்பும் வேண்டாம். அடி விழுந்தால் அது தலைத்தோலுக்குள் ஏறும். ஹெல்மெற் வாங்கப் போகும் நாளில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னுவது போலவே பின்னிக்கொண்டு கூட்டிப்போங்கள்.

நாடிப்பட்டி குறைந்தது 2 சென்ரிமீற்றர் அகலம் இருக்கவேண்டும், கோதில் ரிவெற் ஆணியால் பொருத்தியிருக்கவேண்டும். உள்துணியோடு மட்டும் தைத்தது இழுத்தால் கையோடு வந்துவிடும். பூட்டில் இரட்டை வளையம் மிக உறுதி, ஆனால் அவசரத்தில் பலர் அதைச் சரியாகக் கோர்ப்பதில்லை. பற்களுள்ள பட்டியைத் தள்ளிப் பூட்டும் வகையைப் பிள்ளையே போடக் கற்றுக்கொள்ளும், எங்கள் தேர்வு அதுதான். மலிவான பிளாஸ்ரிக் கிளிப் எங்கள் வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. பூட்டியபின் நாடிக்குக் கீழே ஒரு விரல் நுழைய வேண்டும், மூன்று விரல் நுழைந்தால் பூட்டாததற்குச் சமம்.

"பாரத்தில கழுத்து முறிஞ்சிடும்" என்று அம்மம்மாக்கள் பயப்படுவது இங்கே மட்டும் இல்லை. வியட்நாமில் 2007 டிசெம்பர் 15இல் ஹெல்மெற் கட்டாயமானபோது பெரியவர்களில் 90 வீதத்துக்கு மேல் போடத் தொடங்கினார்கள். பிள்ளைகள் மட்டும் வெறுந்தலையோடு போனார்கள். சட்டத்தில் பிள்ளைகளுக்குத் தண்டம் இல்லை என்பது ஒரு காரணம், கழுத்துக்குக் கூடாது என்று பரவிய கதை இன்னொன்று. 2010இல் 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை ஹெல்மெற் இல்லாமல் ஏற்றும் பெரியவருக்குத் தண்டம் கொண்டுவந்தார்கள். ஹெல்மெற் கழுத்துக் காயத்தைக் கூட்டுகிறது என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று இல்லை.

பராமரிப்பில் எங்கள் ஊருக்கென்று சில விஷயங்கள் உண்டு. கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் என்பதால் முன்கண்ணாடியைக் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி படியும். மெல்லிய பருத்தித் துணியால் உடனே ஒற்றி எடுங்கள். காய்ந்தபின் தேய்த்தால் கீறல் விழும். கறுப்புக் கண்ணாடி வேண்டாம், மாலை ரியூசன் முடிந்து வரும்போது பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. தலை எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து உள்துணி மணக்கும். கழற்றிக் கழுவக்கூடிய உள்துணி உள்ளதாகப் பார்த்து வாங்கி, வாரம் ஒருமுறை சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பேன் பரவக்கூடும் என்பதால் பிள்ளைகளுக்குள் மாற்றிப் போடவிட வேண்டாம். பெற்றோல், தின்னர், பெயின்ற் எதுவும் படக்கூடாது, ரெஜிபோம் கரைந்துவிடும். மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் கொழுவி வைத்தால் கண்ணாடித் தண்டு உள்பக்கத்தைக் குழிக்கும்.

பெரிய குறை, பொருளில் இல்லை, மத்தியானத்தில் இருக்கிறது. காலையில் தகப்பன் கொண்டுபோய் விடுகிறார், ஹெல்மெற் அவரோடு வேலைக்குப் போய்விடுகிறது. 1.30க்கு மாமா வந்து ஏற்றும்போது பிள்ளைக்கு ஹெல்மெற் இல்லை. பள்ளிக்கூடத்தில் வைக்க இடம் கிடைத்தால் இது தீரும். வகுப்புச் சுவரோரம் 35 சென்ரிமீற்றர் சதுர அறைகளாகத் தடுத்த ஒரு பலகைத் தட்டும், ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயரும் போதும். பழைய மாணவர் சங்கங்கள் செய்துதரக்கூடிய வேலை இது. அதுவரை, கூட்டிவருபவர் வீட்டில் இரண்டாவது ஹெல்மெற் ஒன்று இருக்கவேண்டும்.

ஹெல்மெற்றால் தீராததும் உண்டு. காற்தாங்கியில் பாதம் எட்டாத பிள்ளையின் குதிக்கால் சில்லுக் கம்பிக்குள் போகும். ஸ்கூட்டியின் முன்தட்டில் நிற்கிற பிள்ளை, பிறேக் பிடித்தவுடன் கைபிடியில்தான் மோதும். மத்தியான வெயிலில் தூங்கிவிழும் பிள்ளைக்குப் பெரியவரோடு சேர்த்துக் கட்டும் பட்டி வேண்டும்.

ஒருமுறை பலமாக விழுந்த ஹெல்மெற், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் முடிந்தது. நசிந்த ரெஜிபோம் திரும்ப எழும்பாது. விழாமல் நன்றாக இருந்தால், செய்த திகதியில் இருந்து 5 ஆண்டுக்குள் தம்பி தங்கைக்குக் கொடுக்கலாம், தலையை அளந்து பொருந்தினால் மட்டும். விழுந்ததை எறியும்போது நாடிப்பட்டியை இரண்டாக வெட்டிவிட்டு எறியுங்கள், வேறு யாரும் எடுத்துத் தங்கள் பிள்ளைக்குப் போடாமல் இருக்கட்டும்.