பி.எஸ்சி. ஆக்ஸிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர்: சேரலாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலே யாராவது ஒரு தம்பியோ தங்கையோ இன்பாக்ஸில் வந்து "அண்ணா, இந்த எமர்ஜென்சி கோர்ஸ் எடுக்கலாமா, வேலை கிடைக்குமா" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் செய்து கட்டுப்படியாகவில்லை. படித்து முடித்து இப்போது ஒரு தனியார் மருத்துவமனை காஷுவால்ட்டியில் டூட்டி பார்க்கிறவன் என்ற முறையில் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். என் மதிப்பெண் படிப்புக்கு 5க்கு 4, நான் படித்த கல்லூரிக்கு 2, படித்தபின் வரும் சம்பளத்துக்கும் 2.

டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பாராமெடிக்கல் டிகிரிகளில் இதுவும் ஒன்று. மூன்று வருடம் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்கை வைத்து கவுன்சிலிங். அரசுக் கல்லூரியில் சீட் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஃபீஸ் குறைவு என்பது இருக்கட்டும், அங்கே காஷுவால்ட்டியில் இருக்கும் கூட்டத்துக்காகச் சொல்கிறேன்.

நான் சேர்ந்தது ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். அட்மிஷனுக்குப் போன அன்று ஸ்கில் லேபைக் காட்டினார்கள், எல்லாம் பளபளவென்று இருந்தது, அப்பாவுக்கு அதைப் பார்த்ததுமே மனசு நிறைந்துவிட்டது. சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பயிற்சிக்கான பொம்மைகள் இருக்கும் அந்த மேனெக்வின் அறையின் சாவி ஆபீஸில் இருக்கும், இன்ஸ்பெக்‌ஷன் வந்தால்தான் கதவு திறக்கும். மருத்துவமனையோ ஊருக்கு வெளியே. ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தால் இரண்டு காய்ச்சல், ஒரு வயிற்றுவலி வரும். இன்டர்ன்ஷிப்பில் பாதி நாள் ஓ.பி.யில் ஃபைல் தூக்கவிட்டார்கள், ஸ்டைபண்ட் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

காப்பாற்றியது மூன்றாம் வருடத்தில் ஒரு ஜி.ஹெச்.சுக்கு அனுப்பிய போஸ்டிங்தான். மூச்சு நின்றவருக்குக் கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் ஆம்பு பேக்கைப் பிடிப்பதைப் புத்தகத்தில் படிக்கும்போது ரொம்ப சுலபம்: கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மாஸ்க்கை அழுத்த வேண்டும், மற்ற மூன்று விரலும் தாடை எலும்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பொக்கைவாய்த் தாத்தா ஒருவரைக் கொண்டுவந்து போட்டால் கன்னம் இரண்டும் உள்ளே ஒடுங்கிக் கிடக்கும், எவ்வளவு அழுத்தினாலும் காற்று ஓரத்தில் புஸ்ஸென்று போகும், நெஞ்சு எழும்பாது. அங்கிருந்த சீனியர் ஸ்டாஃப் அக்கா ஒருவர், பல்செட் ஆடாமல் உட்கார்ந்திருந்தால் பேக் பிடிக்கிறவரைக்கும் கழற்றாதே, மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடும்போது மட்டும் எடுத்துவிடு என்று போகிறபோக்கில் சொன்னார். டூட்டி ஏறியதும் அந்த ட்யூப் போடத் தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் பிளேடைத் திறந்து பல்ப் எரிகிறதா, வாயில் தேங்குவதை உறிஞ்சும் சக்‌ஷன் இழுக்கிறதா என்று பார்க்கிற பழக்கமும் அவரிடமிருந்து வந்ததுதான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் எல்லோர் கண்ணும் போவது 108. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கியது, தமிழக அரசுக்காக இ.எம்.ஆர்.ஐ. என்ற நிறுவனம் நடத்துகிறது. வண்டிக்கு ஒரு பைலட் (டிரைவர்), ஒரு இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்), 12 மணி நேர ஷிப்ட். பின்னால் நோயாளியோடு நீங்கள் ஒருத்தர்தான், சந்தேகம் வந்தால் கண்ட்ரோல் ரூம் டாக்டரை ஃபோனில் பிடித்துக் கேட்டுக் கேட்டுச் செய்ய வேண்டும். கை பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. வலிக்கிற விஷயம் வேறு. அந்த வேலைக்கு நர்சிங், டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடித்தவர்களும் வரலாம், விலங்கியல், தாவரவியல் மாதிரி லைஃப் சயன்ஸ் டிகிரிக்காரர்களும் வரலாம், எழுத்துத் தேர்வும் நேர்காணலும் முடிந்ததும் 50 நாள் பயிற்சி கொடுத்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். நாலு வருடம் இதையே படித்தவனும் அதே வரிசையில் நின்று அதே சம்பளத்தை வாங்க வேண்டும். பாட்டனி படித்து வந்தவர்களில் கெட்டிக்காரர்கள் நிறைய உண்டு, அவர்களைக் குறை சொல்லவில்லை. நம் டிகிரிக்கு என்று ஒரு தனிப் படி அங்கே இல்லையே என்பதுதான் வருத்தம்.

கார்ப்பரேட் மருத்துவமனைகளிலும் தொடக்கம் ஏறக்குறைய இதே அளவுதான், நைட் டூட்டி அதிகம். பலரும் கவனிக்காத வழி ஒன்று உண்டு. 500 பேருக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை, அதாவது அடிபட்டவர்களை உடனே கவனிக்கும் முதலுதவி அறை, இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என் பேட்ச் பையன்கள் சிலர் அந்த அறையில் வேலைக்குத்தான் போனார்கள். சம்பளம் கொஞ்சம் மேல், பஸ் உண்டு, கேன்டீன் உண்டு, ஆனால் கேஸ் குறைவு, கை துருப்பிடித்துவிடும். வளைகுடாவுக்கு அனுபவம், சான்றிதழ் சரிபார்ப்பு, லைசன்ஸ் தேர்வு என்று படிப்படியாகப் போக வேண்டும். இங்கிலாந்து என்றால் ஹெச்.சி.பி.சி. என்ற அந்த ஊர் கவுன்சிலில் பதிவு இல்லாமல் பாராமெடிக் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. ஏஜென்ட் சொல்வதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

ஆறு மாதத்தில் இ.எம்.டி. டிப்ளமோ என்று பேருந்து நிலைய ஓரத்தில் போர்டு வைத்திருக்கிறார்களே, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட்டும் இருக்கிறது. டிப்ளமோ என்றால்கூட இரண்டு வருடத்துக்குக் குறையாமல் 2,000 மணி நேரமாவது படித்திருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நாளைக்குப் பதிவு என்று கேட்கும்போது அந்த ஆறு மாத பேப்பரை வைத்து என்ன செய்வீர்கள்?

தனியாரில்தான் சேர வேண்டிய நிலை என்றால் ஸ்கில் லேபைப் பார்க்காதீர்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி போய் அந்த மருத்துவமனை காஷுவால்ட்டி வாசலில் நின்று எத்தனை வண்டி வருகிறது என்று பாருங்கள். இன்டர்ன்ஷிப் எங்கே, ஸ்டைபண்ட் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், சீனியர்கள் யாரையாவது தனியாகப் பிடித்து விசாரியுங்கள். கடைசி வருடத்திலேயே நின்றுபோன இதயத்தை மீட்கும் முறைகளுக்கான பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். பயிற்சிகளை முடித்துவிடுவது நல்லது. இன்டர்வியூவில் முதலில் கேட்பது அந்த கார்டைத்தான், இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் ரொம்ப முன்னாடியே எடுத்தும் பிரயோஜனம் இல்லை.