நீதிபதி எந்த வழியாக வந்தார்: இரண்டு நீதிமன்ற இணையதளங்கள் குறித்து ஒரு மதிப்புரை

கும்பகோணத்து வழக்கறிஞர் அலுவலகங்களுக்கு வரும் கட்சிக்காரர்கள், மேல்முறையீடு என்றவுடன் வழக்கு எந்த நீதிபதியின் முன் வரும், அவர் எங்கிருந்து வந்தவர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இதை வீண் வம்பு என்று நான் தள்ளிவிடுவதில்லை. குத்தகைப் பாக்கி, கோயில் நிலம், வாய்க்கால் ஆக்கிரமிப்பு போன்ற வழக்குகளில், முன்சீப்பாக, அதாவது கீழமை உரிமையியல் நீதிபதியாக, தொடங்கிக் கிராமத்து ஆவணங்களைப் படித்துப் பழகிய ஒருவர் கேட்கும் கேள்வியும், அரசமைப்பு வழக்குகளை வாதாடி நேரே உயர் நீதிமன்ற நாற்காலிக்கு வந்தவர் கேட்கும் கேள்வியும் ஒன்றாக இருப்பதில்லை. எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தஞ்சாவூர் மாவட்ட வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தின், 2004 ஜூலையில் தொடங்கப்பட்ட மதுரைக் கிளைக்குச் செல்கின்றன. கும்பகோணத்தை அடுத்துள்ள வலங்கைமான் திருவாரூர் மாவட்டத்தில் இருப்பதால், அவ்வூர் வழக்குகள் சென்னைக்குச் செல்கின்றன. இரண்டு இடத்து நீதிபதிகளைப் பற்றியும் தெரிந்துகொள்ள, சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகிய இரண்டின் இணையதளங்களையே நான் பயன்படுத்துகிறேன்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் தளத்தில் பணியிலுள்ள நீதிபதிகளின் வாழ்க்கைக் குறிப்புகள் உள்ளன. பிறந்த ஊர், படித்த கல்லூரி, வழக்கறிஞராகப் பதிவு செய்த ஆண்டு போன்ற செய்திகளை அங்கே காணலாம். இக்குறிப்புகளில் இரண்டு நியமன நாள்கள் வந்தால் புதிதாகப் படிப்பவர் குழம்பத் தேவையில்லை. பலர் முதலில் அரசமைப்புச் சட்டத்தின் 224ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகளுக்கு மிகாத கூடுதல் நீதிபதியாகவே நியமிக்கப்பட்டு, பின்னர்தான் நிரந்தர நீதிபதியாகிறார்கள். பணி எப்போது முடியும் என்பதைப் பிறந்த தேதியிலிருந்தே கணக்கிட்டுவிடலாம், ஏனெனில் ஓய்வு வயது 62. ஆனால் இக்குறிப்புகள் பாராட்டுச் சான்றிதழின் நடையில் அமைபவை. ஒருவர் எந்தப் பதவிகளை வகித்தார் என்று சொல்லும். அவர் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று சொல்லாது.

அந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றத்தின் தளத்துக்குத்தான் போக வேண்டும். உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அடுத்த இரு மூத்த நீதிபதிகளும் பெயர்களை முன்மொழிகிறார்கள். முதலமைச்சர், ஆளுநர், மத்திய சட்ட அமைச்சகம் ஆகியோரைக் கடந்து வரும் அந்தக் கோப்பை, இந்தியத் தலைமை நீதிபதியும் இரு மூத்த நீதிபதிகளும் கொண்ட கொலீஜியம் பரிசீலிக்கிறது. இறுதியில் குடியரசுத் தலைவர் 217ஆம் பிரிவின்படி நியமிக்கிறார். இம்முறைக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை உச்ச நீதிமன்றம் 2015 அக்டோபரில் செல்லாது என்று அறிவித்தது. கொலீஜியத்தின் தீர்மானங்கள் 2017 அக்டோபர் முதல் இத்தளத்தில் வெளியாகின்றன.

2025 மே மாதம் ஏற்றப்பட்ட அட்டவணையே இச்சேவையின் மிகச் சிறந்த பகுதி என்பது என் கருத்து. 2022 நவம்பர் 9 முதல் 2025 மே 5 வரை உயர் நீதிமன்றங்களுக்குக் கொலீஜியம் ஒப்புதல் அளித்த ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் வழக்கறிஞராக இருந்தவரா, கீழமை நீதிமன்றத்தில் பணியாற்றியவரா, பரிந்துரைத்த நாள் எது, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட நாள் எது, எந்தச் சமூகப் பிரிவைச் சேர்ந்தவர் என்பவை குறிக்கப்பட்டுள்ளன. பணியிலுள்ள அல்லது ஓய்வு பெற்ற நீதிபதி எவருக்கேனும் உறவினரா என்பதற்கும் ஒரு பத்தி உண்டு. நீதிமன்ற வராந்தாக்களில் காலங்காலமாகக் காதோடு காதாகப் பேசப்பட்ட செய்தி, நீதிமன்றத்தின் கையாலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பரிந்துரை நாளையும் அறிவிக்கை நாளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கோப்பு எவ்வளவு காலம் தில்லியில் தங்கியது என்பதும் தெரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. ஒப்புதல் பெறாமல் நின்றுபோன பெயர்கள் இந்த அட்டவணையில் இல்லை. தீர்மானங்களில் காரணம் சொல்லும் வழக்கமும் ஒரே சீராக இல்லை. 2023 ஜனவரியில், சென்னை வழக்கறிஞர் ஒருவரை மீண்டும் பரிந்துரைத்தபோது, அவருடைய சமூக ஊடகப் பதிவுகள் பற்றி அரசுத் தரப்பு எழுப்பிய ஆட்சேபணையும் அதைக் கொலீஜியம் ஏற்காத காரணமும் விரிவாக வெளியிடப்பட்டன. வேறு பல தீர்மானங்களோ பெயர்ப் பட்டியலோடு முடிந்துவிடுகின்றன. அட்டவணையும் தீர்மானங்களும் ஆங்கிலத்தில் இருப்பதால், கேள்வி கேட்ட கட்சிக்காரர் தானே படித்துக்கொள்ள வழியில்லை. தீர்ப்புகளையே தமிழில் மொழிபெயர்த்து வெளியிடும் நீதிமன்றத்துக்கு, சில பத்திகள் கொண்ட ஓர் அட்டவணையைத் தமிழாக்குவது பெரிய வேலையன்று.

தஞ்சை மண்ணில் 1832இல் பிறந்து, கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் தொடங்கி, தரங்கம்பாடியில் முன்சீப்பாக இருந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயரின் ஒவ்வொரு படியும் இன்று புத்தகங்களில் கிடைக்கிறது. இப்போதைய நீதிபதி ஒருவரைப் பற்றி அவ்வளவு துல்லியமாக அறிய விரும்புவோர் இரு தளங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனெனில் ஒன்றிலுள்ள செய்தி மற்றதில் இல்லை. முதலில் உச்ச நீதிமன்றத்தின் அட்டவணையில் அவர் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு, பிறகு சென்னைத் தளத்தின் குறிப்பைப் படிக்குமாறு பரிந்துரைக்கிறேன். 2022 நவம்பருக்கு முன் நியமிக்கப்பட்டவர்களுக்கு அட்டவணை உதவாது; பழைய தீர்மானங்களைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.